பதறாதவன் ஓட்டும் லாரி

மேட்டுப்பாளையம் தாண்டி முதல் வளைவு ஏறுவதற்குள் லாரி தானாகவே ஓரங்கட்டி நின்றது. அன்றைக்கு அது மூன்றாவது முறை. ஸ்டியரிங்குக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. குணசீலன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணத் தொடங்கினான்.

புதிய நிறுவனத்தில் சேர்ந்து ஏழு நாள்தான் ஆகியிருந்தது. மற்ற சரக்கெல்லாம் ஆளில்லா வண்டிகளுக்குப் போய்விட்டது. மலைப்பாதையில் ஆக்சிஜன் கொண்டுபோக மட்டும் சட்டம் இன்னும் ஒரு மனிதனைக் கேட்டது. எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவனுக்குக் கிடைத்த ஒரே இருக்கை அது. அந்த இருக்கைக்குள் பதற்றமானி என்றொரு கருவி இருந்தது. இதயத் துடிப்பையும் உள்ளங்கை வியர்வையையும் அளந்து, எல்லை மீறினால் வண்டியை நிறுத்திவிடும். அது வந்தபின் மலையில் விபத்தே அநேகமாக இல்லை. ஆனால் வண்டி நின்றுவிடுமோ என்று குணசீலன் பயந்தான்; பயந்ததால் அது நின்றது.

மேலாளர் தமயந்தியிடம் போய், இருபத்திரண்டு வருடம் ஒரு கீறல் விழாமல் மலையேறியவன் நான், அவசரத்துக்கு மானியை நிறுத்திவைக்க ஒரு விடுவிப்புப் பொத்தானாவது வையுங்கள் என்று கேட்டான். அவள் கடுமையாகப் பேசவில்லை. பொத்தான் இருந்தால் எல்லாரும் அதைத்தான் அமுக்குவார்கள், வேண்டாமென்று எழுதிக்கொடுத்ததே தான்தான் என்றாள். இனி ஒரு தடவை அரைமணிக்கு மேல் நின்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள், பாதி மலையில், மேலே இருந்த மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள்.

"அண்ணா, இருக்கிற ஆக்சிஜன் இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும். உள்ள நாலு பேர் இருக்காங்க. எங்க வர்றீங்க?"

அவ்வளவுதான், லாரி நின்றது. அந்த நாலு பேரை நினைக்க நினைக்கச் சிவப்பு அடர்ந்தது. குணசீலன் டாஷ்போர்டை அறைந்தான். கெஞ்சினான், அழுதான். இருபது நிமிடம் போயிற்று. கடைசியில் கண்ணை மூடி, பின்னால் இருப்பது வெறும் ஜல்லி என்று தனக்குத்தானே சொன்னான். மேலே யாருமில்லை. எந்தக் கட்டிலிலும் ஆளில்லை. தனக்கு மனைவியில்லை, மகளில்லை. சொல்லிச் சொல்லி அதை நம்பிய கணத்தில் பச்சை எரிந்தது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டான்.

அதன்பிறகு வண்டி நிற்கவே இல்லை. வேலை நிரந்தரமாயிற்று. அவனுடைய துடிப்புப் பதிவைப் புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்குப் பாடமாக வைத்தார்கள். மகளுக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று என்று மனைவி பதறி வந்து சொன்னபோது, சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தான்.

ஐந்தாம் மாதம் ஒரு காலை, தமயந்தி ஓடிவந்து லாரியில் ஏறினாள். அதே மருத்துவமனையில் அவள் கணவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். அன்றைய சிலிண்டர்கள் போய்த்தான் ஆகவேண்டும். பக்கத்து இருக்கையிலும் மானி உண்டு என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. மூன்றாம் வளைவில் வண்டி நின்றது.

"ஏதாவது பண்ணுங்க குணசீலன்."

"மூச்சை மெதுவா விடுங்க மேடம்."

அவளால் முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். அவன் கண்ணாடி வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். கால்மணி ஆனது.

"உங்களுக்கு எதுவுமே தோணலையா?"

அவன் நேர்மையாகவே யோசித்துப் பார்த்தான். "இல்லீங்க மேடம்" என்றான். பிறகு, "நீங்க இறங்கிட்டா வண்டி போகும். பின்னாடி பஸ் வருமுங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபமில்லை, பழிவாங்கும் எண்ணமில்லை, எதுவுமே இல்லை. கதவைத் திறந்து மழைத் தூறலில் இறங்கினாள்.

"சீக்கிரம் போங்க" என்று கும்பிட்டாள்.

பச்சை எரிந்தது. குணசீலன் இன்டிகேட்டர் போட்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்து, மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மலையேறத் தொடங்கினான்.