பாலம் கட்டும் மகன்

வந்தவன் உட்கார்ந்த பிறகும் அந்த நாற்காலி முனகவில்லை.

முதியோர் இல்லத்தின் பார்வையாளர் அறையில் கிடந்த அந்தப் பிரம்பு நாற்காலி யார் உட்கார்ந்தாலும் முனகும். மருந்து கொண்டுவரும் ஒல்லிப் பெண் பேச்சுவாக்கில் அதன் கையைப் பிடித்தாலே ஒரு முறை முனகிவிட்டுத்தான் ஓயும். வெளியே சாயங்கால மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. தரை துடைத்த மருந்தின் நெடியும் சமையலறையில் பொங்கிய பாலின் வாசனையும் கலந்து நின்ற காற்றில், புதிதாகப் பூசிய சிமெண்டின் ஈர வாடை ஒன்று மெல்லப் பரவியது.

"அப்பா" என்றான் வந்தவன்.

எதிரே சக்கர நாற்காலியில் இருந்த மாஸ்டர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே எல்லோருக்கும் அவர் வெறும் மாஸ்டர்தான். அவரை யாரும் கொண்டுவந்து இங்கே தள்ளவில்லை. மனைவி போன பிறகு நாலைந்து இல்லங்களை நேரில் பார்த்து, கழிவறைக் கைப்பிடியை இழுத்துப் பார்த்து, உடம்பு நன்றாக இருக்கும்போதே இடம் பிடித்துக்கொண்டார். பிள்ளை அப்பனைத் துரத்திவிட்டான் என்று உறவில் ஒரு நாக்கும் புரளக் கூடாது. அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்கும் வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

பிறகு பக்கவாதத்தில் ஒரு கால் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலி வந்தது. மகன் வரவில்லை.

"என்ன மாஸ்டர், உங்க வண்டி இன்னிக்கும் லேட்டா?" என்று சாப்பாட்டுக் கூடத்தில் கிழட்டு டெய்லர் கேட்பார். "தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டாங்களோ என்னமோ!" கூடமே சிரிக்கும். டெய்லருக்கு மூன்று பெண்கள். வாரம் தவறாமல் யாராவது ஒருத்தி வந்துவிடுவாள்.

அதனால் மாஸ்டர் சொன்னார். மகன் ஆற்றுக்குக் குறுக்கே பெரிய பாலம் கட்டுகிறான். மூச்சுவிட நேரமில்லை. அப்பாவிடம் இதுவரை குரல் உயர்த்திப் பேசியதில்லை. வேலை முடிந்ததும் வந்து அழைத்துப் போவான். அப்பாவுக்கென்றே தனியாக ஒரு அறை கட்டிக்கொண்டிருக்கிறான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சொல்லச் சொல்ல அவருக்கும் அது ருசித்தது. நிஜ மகனுக்கு செல்போன் பழுது பார்க்கும் கடை. பேசினால் கத்துவான்.

"பாலம் முடிஞ்சுதுப்பா" என்றான் எதிரில் இருந்தவன்.

மாஸ்டரின் முதுகு, எப்போதும் நிமிர்ந்தே இருக்கும் முதுகு, நாற்காலியின் துணியோடு ஒட்டிக்கொண்டது. அவர் எழுந்து போக முடியாது. கத்தலாம். ஆனால் அதற்குள் டெய்லர் தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"யாரு மாஸ்டர், தம்பி யாரு?"

ஒரு நொடிதான். டெய்லரின் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு தயாராக நின்றது.

"என் மகன்" என்றார் மாஸ்டர்.

வந்தவன் போன பிறகு அவன் முகத்தை நினைத்துப் பார்த்தார். வெள்ளைச் சட்டை நினைவிருந்தது. கழுத்துவரை போட்ட பொத்தான்கள் நினைவிருந்தன. முகம் வரவில்லை.

மறுநாள் அலுவலக அறைத் தொலைபேசியில் மகனைப் பிடித்தார்.

"நேத்து இங்க வந்தியாப்பா?"

"நான் எங்கப்பா வந்தேன்? கடையில ஆளில்லாம நானே அல்லாடிட்டு இருக்கேன். யாரையாவது பார்த்துட்டு நான்னு நினைச்சுட்டீங்களா?"

"ஒரு தடவை வந்துட்டுப் போயேன்." தன் குரல் கெஞ்சுவது அவர் காதிலேயே விழுந்தது. உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏன், உடம்பு சரியில்லையா? டாக்டரைக் கூப்பிடச் சொல்லவா?"

சொல்லியிருக்கலாம். வார்டன் அம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். என் பிள்ளை வரவில்லை, வேறு எதுவோ வருகிறது என்று அவள் முன்னால் எப்படிச் சொல்வது?

"ஒண்ணுமில்ல. வேலையப் பாரு."

அடுத்த ஞாயிறு அது மறுபடியும் வந்தது. அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. உள்ளங்கையில் ரேகை இல்லை. கரண்டியின் முதுகு போல வழவழவென்று இருந்தது.

"அறை தயாராயிடுச்சுப்பா. ஜன்னல் மட்டும் வைக்கல."

அன்றிரவு மாஸ்டர் தூங்கவில்லை. சிமெண்டு வாடை தலையணையில் இருந்தது. போர்வையில் இருந்தது. நாக்கில் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அது அவரை அழைத்துப் போக வந்தது.

ஆளை வெளியே அனுப்ப இந்த இல்லத்தில் ஒரு முறை உண்டு. உறவென்று யார் வந்து நின்றாலும், எல்லோர் காதிலும் விழும்படி முதியவரையே கேட்பார்கள். அவர் வாயால் ஆமென்றால்தான் கதவு திறக்கும். யோசனை மாஸ்டருடையது. பாதை சரியா என்று அடுத்த ஸ்டேஷனைக் கேட்டுப் பதில் வாங்காமல் ஒரு வண்டியையும் விட்டதில்லை அவர். ஏமாற்றி யாரையும் கூட்டிப் போய்விடக் கூடாது என்று பிடிவாதமாக நின்று கொண்டுவந்த முறை.

வார்டன் அம்மா கூடத்தின் நடுவில் நின்று கேட்டாள். "மாஸ்டர் ஐயா, இவர் உங்களுக்கு யாரு?"

கரண்டிச் சத்தம் நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். சொன்னால் இங்கேயே இருக்கலாம். இந்தக் கூடத்தில், இந்த முகங்களுக்கு நடுவில், பொய் சொன்ன கிழவனாக, பிள்ளை கைவிட்ட அப்பனாக, சாகும்வரை.

அவர் வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க மாஸ்டர்" என்றார் டெய்லர். இந்த முறை கேலி இல்லை. அவர் முகம் வெளிறியிருந்தது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. ஒண்ணும் தப்பில்ல."

அந்தப் பரிவுதான் அவரைச் சுட்டது. டெய்லரின் பரிவு!

"என் மகன்தான். பாலம் கட்டுறவன்."

கதவு திறந்தது.

நடைபாதை. வாசல். காவலாளியின் சலாம். தெருவில் விளக்கு ஏற்றும் நேரம். நாற்காலி சீராக உருண்டது. பின்னால் காலடிச் சத்தம் இல்லை. மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை மட்டும் நிமிர்த்திக்கொண்டார்.

தெருக்கோடியில் ஒரு மருந்துக்கடை. மூடிய கண்ணாடிக் கதவு. வேண்டாம் என்று நினைத்தும் கண் அதில் போய் விழுந்தது.

சக்கர நாற்காலி. அதில் ஒரு கிழவர். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். காலருக்கு மேலே கண் இல்லை. மூக்கு இல்லை. அவை இருக்க வேண்டிய இடம் முழுவதும் ஒரே வாய், ஜன்னல் வைக்காத அறை போல.

அது அவர் காதருகே குனிந்தது. குரல் உயர்த்தவில்லை.

"வந்துட்டோம்ப்பா."