விருந்தாளிக்கு நேர்வழி

காலையில் காபி ஆறுவதற்குள் ஜெசிந்தா தன் வாயை மகளுக்குக் கொடுத்துவிடுவாள். "குட் மார்னிங்ப்பா. இன்னும் கெளம்பலியா?" என்று அந்த வாயால் ஷெரின் கேட்பாள். சேவியர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார். மனைவியின் முகத்தைப் பார்த்து மகளிடம் பேச அவருக்கு இன்னும் வரவில்லை.

தூத்துக்குடியில் இப்போது வீட்டுக்கு வீடு இதுதான் வழக்கம். இறந்தவரின் மனம் ரத்த உறவு ஒருவரின் காதோரம் பதித்த கணினிச் சில்லில், கணினிக்குள் இன்னொரு கணினிபோல, மெய்நிகர் இயந்திரமாக ஓடும். சட்டம் அவரை விருந்தாளி என்கிறது, சுமப்பவரை வீடு என்கிறது. இறங்கிய வீட்டை மாற்ற முடியாது. வீட்டுக்குக் கேட்பதுதான் விருந்தாளிக்கும் கேட்கும்; வீட்டின் வாயால்தான் விருந்தாளி பேசலாம். ரத்தப் புற்றில் போன ஷெரின் அம்மாவிடம் வந்தது அப்படித்தான். வந்த புதிதில் தோழிகள் தினமும் வந்தார்கள். தோழியின் அம்மா காதில் போய் எந்தப் பெண் காதல் கதை சொல்வாள்? ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள்.

"அம்மா, எனக்குன்னு ஒரு வழி வேணும்மா," என்றாள் ஷெரின், உள்ளே. "அப்பாட்ட என் கொரல்ல பேசணும். ஒன் கொரல்ல இல்ல."

அதற்கு வழி உண்டு. சில்லை வெளியுலகோடு இணைக்கும் நெட்வொர்க் அட்டையை வீட்டிடமிருந்து பிரித்து விருந்தாளியிடமே ஒப்படைப்பது. நேர்வழி என்பார்கள். ஜெசிந்தாவுக்குத் தொழிலே அதுதான். ஊரில் எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்தவள். தன் சில்லில் மட்டும் பிழைக்கு மேல் பிழை. முதலில் நேர்வழி அமைப்பே அணைந்து கிடந்தது, இயக்கினாள். பிறகு வீட்டின் டிரைவர் நிரல் அட்டையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது, கழற்றிவிட்டாள். இன்று மறுபடியும் பிழை. சில்லின் பாகங்கள் எந்தெந்தக் கட்டுக்குள் சேர்ந்து இருக்கின்றன என்று திரையில் விரித்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே கட்டுக்குள் இருப்பவற்றைத் தனித்தனியாகக் கொடுக்க முடியாது. கொடுத்தால் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். நெட்வொர்க் அட்டையோடு அதே கட்டுக்குள் இருந்தது கேட்பி, ஒலியை மூளைக்குக் கொண்டுபோகும் பாகம். மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சொந்தக் காது இருக்கிறது. ஜெசிந்தாவுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. சேவியரின் குரல், ஷெரினின் முதல் அழுகை, இப்போது உள்ளே பேசும் ஷெரின், எல்லாமே அந்தக் கேட்பி வழியாக வந்தவை. கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கவும் முடியாது. பறித்தால் விருந்தாளியே அணைந்துபோகும்.

கட்டைப் பிரிக்கும் ஒட்டுநிரல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. போட்டால் வீட்டுக்கும் விருந்தாளிக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை விழும், மகளின் நினைவுகள் கலைந்துபோகலாம். மகளை வைத்து அந்த விஷப்பரீட்சையில் இறங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"என்னாச்சும்மா? சரியாயிட்டா?"

"ஆயிட்டுட்டி. சின்ன சிக்கல்தான்."

"அப்ப போடேன்!"

"போடுதேன். அதுக்கு முன்ன ஏதாவது பேசேன்."

"இப்ப என்னத்தப் பேச? அதான் அப்பாவோட சேந்து பேசப் போறோம்லா?" ஷெரின் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்துவிட்டு ஜெசிந்தா அந்தக் கட்டை மொத்தமாக மகளிடம் ஒப்படைத்தாள்.

மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது, சத்தம் இல்லை. ஷெரின் பேசுவதற்காக மேசைமேல் வைத்திருந்த ஒலிபெருக்கியின் விளக்கு எரிந்தது. சேவியர் ஓடிவந்து அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பேசினார், அழுதார், அழுகையோடு சிரித்தார். ஜெசிந்தாவுக்குப் பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது. மகள் என்ன சொல்கிறாள், எந்தக் குரலில் சொல்கிறாள் என்று அந்த மனுஷனின் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து சேவியர் அவள் பக்கம் திரும்பினார். அவருடைய உதடசைவை அவள் படித்தாள். "ஏட்டி, ஒன்னத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அம்மா கேக்குதா, அம்மா கேக்குதான்னு. பதில் சொல்லேன்."

"கேக்குதும்மா," என்றாள் ஜெசிந்தா. "நல்லா கேக்குது."

தான் எவ்வளவு உரக்கக் கத்தியிருக்கிறோம் என்பது சேவியரின் முகம் மாறியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.