பாய்லருக்குள் மூன்று தட்டு

வெளியே திம்மப்பன் பாய்லரின் வயிற்றில் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினான். உள்ளே படுத்திருந்த கங்கப்பன் பதிலுக்குத் தட்டக் கையை ஓங்கினான். அதற்குள் பதில் போய்விட்டது. டங், டங், டங். அவனுடைய கால்மாட்டிலிருந்து.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டான். கிருஷ்ணகிரிக்கு வெளியே, ஓசூர் ரோட்டோரம் இருந்த அந்த மாங்கூழ் ஆலையின் பாய்லருக்குள் ஒருவன் தும்மினால் மூன்று நாள் கழித்துப் பாகலூரில் கேட்கும் என்பார்கள். இரண்டு எருமைகளை உள்ளே விட்டால் ஒன்றையொன்று பார்க்காமலே கிழடுதட்டிப் போகும். அத்தனை பெரிய பீப்பாயில் ஒரு மனிதன் நிமிர்ந்து உட்காரத்தான் இடம் கிடையாது. அடுக்கடுக்கான குழாய்களின்மேல் குப்புறப் படுத்து, முதுகில் இரும்பு உரச, போன வருஷத்து உப்புப் பொருக்கை உளியால் பெயர்க்க வேண்டும். எண்பத்தேழாம் வருஷத்துச் சித்திரை வெயில். துருவும் புளித்த தண்ணீரும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

உள்ளே போகிறவனுக்கு இரண்டு சட்டம். பையில் இருப்பதையெல்லாம் வெளியே பலகையில் வைத்துவிட வேண்டும். குழாய் இடுக்கில் விழுந்தால் பிரம்மா வந்தாலும் எடுக்க முடியாது. வெளியிலிருந்து மூன்று தட்டு வந்தால் உள்ளிருந்து மூன்று தட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் ஆளை இழுத்து வெளியே போட்டுவிடுவார்கள்.

கங்கப்பனும் பலகையில் வைத்தான். ஒரு பீடிக்கட்டு, காகிதத்தில் மடித்த வெல்லக்கட்டி.

அந்த வெல்லம்தான் அவன் உயிர். பதினாலு வயதிலிருந்து தினமும் காலையில் தொடையில் இன்சுலின் ஊசி. ஊசி போட்டபின் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பில் சர்க்கரை தரைதட்டிவிடும்; உடனே வெல்லம் வாயில் போட்டால்தான் மீளும். இது ஆலையில் ஒருவருக்கும் தெரியாது. போன வருஷம் வலிப்பு வந்த ஒருவனை மேஸ்திரி வெங்கடசாமி அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருந்தார். திம்மப்பனைக் கேட்டால், சர்க்கரை வியாதி பங்களாக்காரக் கிழவர்களுக்கு மட்டும் வருவது என்பான். பத்து மணிக்கு டிபன் என்று நம்பித்தான் கங்கப்பன் ஆறு மணிக்கே ஊசி போட்டு, அரை டம்ளர் கஞ்சியோடு வந்திருந்தான். நாளைக்குப் பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார், முடித்துவிட்டே சாப்பிடுங்கள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். இப்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

கரண்டு போனது. கைவிளக்கு அணைந்தது. தலைக்கு மேலே ஆள் நுழையும் ஓட்டை மட்டும் ஒரு வெள்ளைத் தட்டுப்போலத் தொங்கியது.

அடுப்புபோல் கொதித்த அந்த இரும்புக்குள்ளும் அவனுக்குக் குளிர்ந்த வியர்வை பெருகியது. உதடு மரத்தது. வெள்ளைத் தட்டு இரண்டானது. கையிலிருந்த உளி எப்போது நழுவியது என்று தெரியவில்லை. ஆனாலும் உப்பு சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கால்மாட்டில். நிதானமாக.

மூன்று தட்டு வந்தது. அவன் கை எழவில்லை.

மூன்று தட்டுப் போனது.

வெளியே காகிதம் சரசரத்தது. "டேய் கங்கா, உன் வெல்லம் நல்லா வாசனையா இருக்குதுடா. பசி தாங்கல. ஒரு கடி கடிச்சுக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் பார்த்தான். நாக்கு நனைந்த துணியாய்க் கிடந்தது.

"முழுசாத் தின்னுப்பா, எனக்கு வேணாம்." கங்கப்பனின் குரல். அவன் வாய் அசையவே இல்லை.

"நீதான்டா மனுசன்," என்று திம்மப்பன் வெல்லத்தைக் கடித்து மென்றான். ஒவ்வொரு கடியும் இரும்பு வழியே காதில் நொறுங்கியது.

சுரண்டல் நின்றது.

குதிகாலில் ஒரு கை. பிறகு முழங்காலின் பின்னே. ஈரம். சூடு இல்லாத உடம்பு. அது அவன்மேல் ஏறி ஊர்ந்தது. கழுத்தில் மூச்சுப் படவில்லை. பட வேண்டுமே. படவில்லை.

தலைக்கு மேலே இரண்டு கால்கள் வெளிச்சத்துக்குள் எழும்பிப் போயின. கங்கப்பன் போட்டிருந்த அதே காக்கி டிரவுசர்.

"என்னாடா, பொணமாட்டம் வெளுத்துட்ட?" திம்மப்பன் சிரித்தான்.

"பசிப்பா," என்றது அந்தக் குரல்.

மேஸ்திரியின் செருப்புச் சத்தம் வந்தது. உள்ளே வேறு ஆள் உண்டா என்று கேட்டார். எட்டிப் பார்க்காமல் தானே பதிலும் சொன்னார். "ஒருத்தன் போனான், ஒருத்தன் வந்துட்டான். மூடு. தண்ணி விடு."

கங்கப்பன் கத்தினான். கத்தினதாக நினைத்தான்.

ஓட்டையில் அவன் முகமே குனிந்து அவனைப் பார்த்தது. இமைக்கவில்லை. மூடி நகர்ந்தது. வெளிச்சம் பிறையானது. நகக்கீற்றானது.

அந்தக் கீற்றில் கண்டான். குழாய்களின்மேல் வரிசையாக, அவனைப் போலவே காக்கி டிரவுசரும் உளியுமாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். நாலு பேரோ, ஐந்து பேரோ. எல்லோருக்கும் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல், அவனுக்கு இடம்விட்டு ஒதுங்கிப் படுத்தார்கள்.