கழற்றிய பல்பு

தளி ரோட்டில் இருக்கும் தன் ஒர்க்‌ஷாப்புக்கு அந்த வெள்ளைக் கார் திரும்பி வரும் என்று ஜமீர் அகமது கனவிலும் நினைக்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில், முன்பக்கம் நசுங்கிப்போன அதை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார் திம்மராயன். மகள் ரேவதி ஃபேக்டரி வேலைக்குப் போய்வர, போன வருஷம் ஜமீரிடமே வாங்கிய பழைய வண்டி. அஞ்செட்டி மலை வளைவில் மரத்தில் மோதி, ரேவதி அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

“கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டாள்னு ஊரே பேசுது பாய். ஏர்பேக் ஏன் தொறக்கல? தெனமும் குளிச்ச ஈரத்தலையோட ஏறி, சாவி போட்டு, ஒரு லைட்டும் எரிஞ்சுகிட்டே நிக்கலன்னு பாத்துட்டுதான் எடுப்பா. மெஷின் போட்டுப் பாருங்க. எம்பொண்ணு மேல தப்பா, வண்டி மேல தப்பா? அது தெரிஞ்சா போதும்.”

ஜமீருக்கு மெஷினே தேவையில்லை. பெங்களூரில் ஏற்கெனவே அடிபட்ட வண்டி அது. வெடித்துப்போன ஏர்பேக்கை மாற்றாமல் வெறும் உறையைத் தைத்து மூடியவர் அவர்தான். எச்சரிக்கை விளக்கு விடாமல் எரிந்ததால், மீட்டருக்குப் பின்னால் கைவிட்டு அந்தப் பல்பையும் கழற்றிவிட்டார். இத்தனூண்டு பல்புதானே என்று மனசாட்சிக்கும் ஒரு சமாதானம் சொல்லியாயிற்று.

வேறு பேட்டரி கொடுத்து ஸ்கேனரைச் செருகினார். திரையில் கோளாறு எண் வந்தது: பி-0001. டிரைவர் பக்க ஏர்பேக்.

அழித்தார்.

மறுபடி வந்தது.

அழித்தார். திரையில் எழுத்து மறைவதற்குள் மறுபடி வந்து நின்றது. வண்டிக்குள் திடீரென்று ஈரத்தலை வாசனை அடித்தது. காலி சீட்டில் பெல்ட் சரசரவென்று இழுபட்டது.

க்ளிக்.

பல்பே இல்லாத இடத்தில் விளக்கு எரிந்தது. உட்கார்ந்த ஓர் ஆள், நெஞ்சுக்கு முன்னால் ஓர் உருண்டை: ஏர்பேக் எச்சரிக்கைக் குறி. ஜமீர் பாய்ந்துபோய் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

அணையவில்லை.

“என்ன பாய் காட்டுது?” என்று பின்னாலிருந்து திம்மராயன் கிசுகிசுத்தார்.

ஜமீர் உள்ளங்கையால் மீட்டரை மறைத்தார். “ஒண்ணுமில்லண்ணா. வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு. பாப்பாதான் வேகமா வந்திருக்கணும்.”

கைக்கு அடியில் விளக்கு அணைந்தது. திம்மராயன் மழையில் இறங்கி நடந்தார்.

ஐந்து மணிக்குக் கல்லூரி விட்டு மகள் நபீலா வந்தாள். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது; வீட்டுக்கு அவள்தான் ஓட்டுவாள். ஜமீரின் சொந்தக் கார் ரொம்பப் பழசு. அதில் ஏர்பேக்கும் கிடையாது, அதற்கான விளக்கும் கிடையாது.

ஜமீர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ள, நபீலா சாவியைத் திருப்பினாள்.

“அத்தா, இது என்ன லைட்டு? ஒரு ஆளு உக்காந்த மாதிரி, முன்னால உருண்டையா...”

ஜமீர் சாவியைப் பிடுங்கினார். “எறங்கு பாப்பா!”

கதவு திறக்கவில்லை. திம்மராயனுக்குப் போன் போட்டார். தைத்த உறை, கழற்றிய பல்பு, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினார். “உங்க பொண்ணு மேல தப்பே இல்லண்ணா.”



விளக்கு அணையவில்லை.

பின் சீட்டிலிருந்து ஈரத்தலை வாசனை வந்தது. அந்தப் பழைய காரின் பின் சீட்டுக்குப் பெல்ட்டே கிடையாது.

க்ளிக்.

சாவி ஜமீரின் கையில்தான் இருந்தது. நபீலாவின் காலடியில் இன்ஜின் உறுமிக் கிளம்பியது.