வெயிலூட்டியை அணைத்த பிறகு

பனிமலையின் ஒன்பதாம் காவல் முனையில் காலை பத்து மணிக்குக் குயில் கூவியது. சிப்பாய் அருள்தாசுக்கு மட்டும்தான் அது கேட்டது. அவன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வெயிலூட்டி, மைனஸ் முப்பது டிகிரிக் குளிரை மூளைக்குப் போகவிடாமல் வழிமறித்து, பதிலுக்கு அவன் ஊர்ச் சித்திரை மாதத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. இலவம்பஞ்சாய்ப் பனி இறங்கியது. எதிரியின் குண்டுகள் தூரத்துத் திருவிழா வேட்டுகளாய்க் கேட்டன.

முன்பெல்லாம் தினமும் காலையில் சிப்பாய்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் கால்விரல்களை மற்றவர் பார்ப்பார்கள். விரலை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் பனிக்கடியில் விரல் போய்விடும். குளிரே ஒழிந்தபின் காலை எதற்குப் பார்ப்பது என்று தலைமையகம் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது.

ஹவில்தார் செங்கோடன் நிறுத்தவில்லை. தினம் அரைமணி தன் வெயிலூட்டியைத் திருட்டுத்தனமாக அணைத்துவிட்டு, பல் கிட்ட நடுங்கியபடி பதுங்குகுழிக்குள் வருவார்.

"காலை நீட்டுடா."

"விடுங்கண்ணே. வாய்க்கால்ல எறங்கி நிக்கிறேன். மீனு விரலைக் கடிக்குது."

"இப்பவுமா?"

அருள்தாஸ் யோசித்தான். "இல்லண்ணே. காலைல கடிச்சுது. இப்ப போயிருச்சு."

செங்கோடன் அவன் பூட்ஸைப் பிடுங்கினார். ஐந்து விரலும் மெழுகுவர்த்தி போல இருந்தன. அழுத்தினார், சிவக்கவில்லை. அவன் வெயிலூட்டியைப் பிய்த்தெறிந்துவிட்டு, சட்டையைத் தூக்கி அந்தக் காலைத் தன் வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டார்.

"ஏதாவது தெரியுதா?"

"இல்லண்ணே." வாய்க்கால் போய், குயில் போய், அவன் உதடு நடுங்கியது. "ஒண்ணுமே தெரியல."

வெளியே, தலைமையகத்திலிருந்து வந்திருந்த பிரிகேடியர் கோதண்டபாணி சிப்பாய்களிடம் ஒரு மணி நேரமாக வெறுங்கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். குளிர்காலம் நம்மிடம் சரணடைந்துவிட்டதாம். எதிரி இன்னும் சரணடையவில்லை என்பதை நினைவூட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

கால்மணி கழிந்தது.

"ஐயோ! அண்ணே, எரியுது! விடுங்கண்ணே, உயிர் போகுது!"

"கத்துடா ராசா, நல்லா கத்து," என்றார் செங்கோடன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அலறல் கேட்டுப் பிரிகேடியர் குனிந்து உள்ளே வந்தார், பின்னால் குறிப்பேட்டுடன் உதவியாளர்.

"யார் அணைத்தது? கருவியின் மானத்தை வாங்குகிறீர்களா?"

"சார், உங்களதையும் ஒருதரம் அணைச்சுப் பாருங்க. கையில கிளவுஸ் இல்ல."

பிரிகேடியர் அலட்சியமாக அணைத்தார். உடம்பு ஒருமுறை குலுங்கியது. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"உடம்புதான் கொஞ்சம் நடுங்குகிறது. கைகளில் துளிக் குளிர் இல்லை! அணைத்த பிறகும் பலன் நீடிக்கிறது. எழுதிக்கொள்."

செங்கோடன் எழுந்து, அனுமதி கேட்காமல், பிரிகேடியரின் மெழுகு நிற விரல் ஒன்றைப் பிடித்து அழுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சிவக்கவில்லை.

"அழுத்துகிறாயா என்ன?" என்று சிரித்தார் பிரிகேடியர். "அதுகூடத் தெரியவில்லை! அதையும் எழுதிக்கொள்."