ஏழாம் பக்கத்துப் புள்ளிகள்

நேற்று எண்ணி வைத்துவிட்டுப் போனதைவிட, இன்று ஏழாம் பக்கத்தில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது. ஸ்கேன் செய்த படத்தில் புள்ளி எப்படி முளைக்கும்? பார்கவி மானிட்டரைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். போகவில்லை. லேசாக உப்பியிருந்தது.

ஜெர்மனியில் ஏதோ தேவாலயத்துப் பரணில் புதிதாய் அகப்பட்ட, நானூறு வருடத்துக்கு முந்தைய இசை ஏடு அது. சபை ஞானப்பாட்டைத் தொடங்குமுன் ஆர்கனில் வாசிக்கிற முன்னிசையாம். ஐந்து கோடுகள், அவற்றின்மேல் கறுப்புப் புள்ளிகள். அகப்பட்டது அங்கே, 2003-இல் அதைக் கணினியில் ஏற்ற வாய்த்தது புனே விமான் நகரில் ஓர் அலுவலகம், சங்கீதத்தோடு ஸ்நானப்பிராப்திகூட இல்லாத பார்கவி. அவளும் பக்கத்து இருக்கை ரஃபீக்கும் ஒரே பக்கத்தைத் தனித்தனியாக அடிப்பார்கள். கணினி ஒப்பிட்டு, பொருந்தாததைத் தப்பென்று கணக்கிடும். ஏற்கெனவே அவள் பேரில் இரண்டு தப்பு. மூன்றாவது விழுந்தால் வேலை நிரந்தரமாகாது, மூட்டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்ச் சேர வேண்டியதுதான்.

புள்ளியை என்ன செய்வதென்று ரோஹிணியிடம் கேட்டாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த அந்தத் தமிழ் டீம் லீடர் தலையை நிமிர்த்தவேயில்லை.

"அரே, தெரியறத அடி, பஸ், போதும். ஜாஸ்தி திமாக் ஓட்டாத, யோசிக்காத."

அடித்தாள். சரிபார்க்க ஹெட்போனில் ஓடவிட்டாள். இழுத்து இழுத்து மூச்சுவிடுகிற ஆர்கன், அதற்கு அடியில் பல்லில்லாத வாய் ஒன்று ஊறிப்போன எதையோ குதப்புகிற சத்தம், கூடவே மூடிய டப்பாவில் மூன்று நாள் கிடந்த மீனின் வாடை. சத்தத்தோடு வாடை எப்படி வரும் என்று யோசிக்கும்போதே காலையில் தின்ற போஹா அவல் தொண்டைக்கு ஏறியது. வேலையை நினைத்து, ஹெட்போனைக் கழற்றாமல் அடித்தாள்.

இன்னும் இரண்டு புள்ளிகள். ஐந்து. நகர்ந்தன. காதுக்குள் ஈரம். ஏதோ ஊர்ந்தது. அடித்தாள்.

ரஃபீக் இதையெல்லாம் அடித்திருக்க மாட்டான், மூன்றாவது தப்பு நிச்சயம் என்று நினைத்தாள். நான்கு மணிக்கு ஒப்பீடு முடிந்தது.

"பார்கவி, ஒண்ணுகூட தப்பு இல்ல. நீ கன்ஃபர்ம்" என்றாள் ரோஹிணி.

ஒன்றுகூட இல்லை. அப்படியானால் ரஃபீக்கும் அந்தப் புள்ளிகளை அடித்திருக்கிறான்.

மெல்லத் திரும்பினாள்.

அவன் ஹெட்போன் பஞ்சு நனைந்து தொங்கியது. அதன் ஓரத்திலிருந்து கொழுத்த கறுப்புப் புழுக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கன்னத்தில் ஐந்து நரம்புகள் புடைத்திருந்தன. புழுக்கள் அவற்றின்மேல் இடம் பார்த்து உட்கார்ந்தன. ஒன்று வாயோரம் வந்தது. நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எட்டாம் பக்கம் ஆரம்பிக்கலாமா, பார்கவி?" என்று மென்றபடியே கேட்டான்.

பார்கவியின் தாடையும் அசையத் தொடங்கியிருந்தது.