திக்கித் திக்கி ஓடிய பந்தயக் கார்

அம்மா தன் அண்ணனுக்குத் தரவேண்டிய கடன் ஏழாயிரத்து முந்நூறு ரூபாய். தன் மெக்கானிக் பட்டறைக்கு, காரைத் தூக்கும் ஜாக்கி வாங்கிய கடன். "என் பந்தயக் காரைச் சரிபண்ணிக் கொடு, கடனைக் கழிச்சுக்கலாம்" என்று மாமா சொல்லியிருந்தார். பந்தயம் நாளைக் காலை. காரோ மசிவதாக இல்லை.

மாமாவைவிட வயதான கார் அது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்ட, அதற்கு இரண்டு கார்புரேட்டர். நின்ற இடத்தில் பூனைபோல உறுமும். ஆக்சிலேட்டரை மிதித்தால் "புளுக்" என்று திக்கும். அப்புறம்தான் பாயும்.

"இப்படித் திக்கினா சைக்கிள்காரன்கூட முந்திடுவான். பேசாம வேற பட்டறைக்குக் கொண்டுபோறேன்" என்றார் மாமா.

"கொண்டுபோ. அப்படியே உன் வாயையும் சரிபண்ணச் சொல்லு" என்றாள் அம்மா. ஆனால் முகம் வாடிவிட்டது.

பழைய டயர்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள் வாண்டு.

அம்மா மறுபடி குனிந்தாள். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியை நடுவில் பிடித்துத் திருப்பினாள். இன்ஜின் சீறியது. திக்கவே இல்லை.

"பாத்தியா? என் கைக்கு அடங்குது. உன் காலுக்குத்தான் அடங்கல."

"அம்மா, நீ கையால திருப்பற. மாமா காலால மிதிக்கறார். ரெண்டும் ஒண்ணா?" என்றாள் வாண்டு.

"ஒண்ணுதாண்டி" என்ற அம்மா, சட்டென்று நிறுத்தினாள். பட்டறையில் எல்லாரும் கையால்தான் சோதிப்பார்கள். இன்ஜின் பக்கம் நிற்பவருக்குப் பெடல் எட்டாதே.

"மாமா, இன்ஜினை நிறுத்துங்க. நான் பெடலை அமுக்கறேன். நீ பாரும்மா."

வாண்டு உள்ளே புகுந்தாள். கால் எட்டவில்லை. தலைகீழாகக் குனிந்து, கையால் பெடலை மெல்ல அமுக்கினாள்.

"இரு, இன்னொரு தடவை" என்றாள் அம்மா.

பின்பக்கக் கார்புரேட்டர் உடனே திறந்தது. முன்னது, எழுப்பிவிட்ட சோம்பேறிபோல ஆடி அசைந்து திறந்தது.

பெடல் இழுப்பது பின்னதை மட்டும்தான். இணைப்புக் கம்பியோ இரண்டு துண்டு. நடுவே அவற்றைச் சேர்க்கும் பிடியில் திருகு தளர்ந்திருந்தது. அம்மாவின் முரட்டுக் கை அந்தப் பிடியையே இறுக்கிப் பிடித்ததால், இரண்டு துண்டும் ஒன்றாகச் சுழன்றிருக்கின்றன.

"என் கைதான் ஏமாத்தியிருக்கு" என்று சிரித்தபடி அம்மா திருகை முடுக்கினாள்.

மாமா தெருக்கோடிவரை ஓட்டிப்போய்த் திரும்பினார். ஒரு திக்கல்கூட இல்லை.

"என்ன அண்ணா, வேற பட்டறைக்கு வழி சொல்லட்டுமா?"

"போதும் தாயே. ஏழாயிரத்து முந்நூறும் கழிஞ்சுது."

"ஜாக்கிக் கடன் கழிஞ்சுது. நான் பெடல் அமுக்கினதுக்கு?" என்றாள் வாண்டு.

மாமா பக்கத்து இருக்கையைத் துடைத்துவிட்டார். "ஏறு."

தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்ததும் அந்தக் கடனும் தீர்ந்தது.